கியாரி மால்ஃபர்மேஷனும் தீராத வலியும்: நிறைய பேர் பண்ற தப்புகள்

இருமினா, தும்மினா, வாய்விட்டு சிரிச்சா, பாத்ரூம்ல முக்கினா பின்மண்டையில சுரீர்னு ஒரு வலி ஏறி சில செகண்ட், மிஞ்சிப்போனா சில நிமிஷத்துல அடங்கிடுதுன்னா அத தலைவலியோட தலைவலியா விட்டுடாதீங்க. கியாரி மால்ஃபர்மேஷன் வகை 1க்கு இருக்குறதுலயே தெளிவான அடையாளம் இதுதான், ஆனா டாக்டர்கிட்ட போனா "தலை வலிக்குது, கழுத்து வலிக்குது"ன்னு பொதுவா சொல்லிட்டு இந்த ஒரு விவரத்த விட்டுடறாங்க, அங்கேயே பாதி விஷயம் கெட்டுப்போயிடுது.

மண்டை ஓட்டோட அடியில தண்டுவடம் கழுத்துக்குள்ள இறங்குறதுக்கு ஒரு துவாரம் இருக்கு. சிறுமூளையோட அடிநுனிக்கு டான்சில்னு பேரு, தொண்டையில இருக்குற டான்சிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பின்மண்டை அறை சின்னதா அமைஞ்சவங்களுக்கு இடம் பத்தாம இந்த நுனி துவாரம் வழியா கழுத்துப் பக்கம் இறங்கிடும், இதுதான் கியாரி மால்ஃபர்மேஷன் வகை 1. மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஓடுற நீர், அதாவது சிஎஸ்எஃப், மேலயும் கீழயும் போய்வர்ற வழியும் அதேதான். வழி குறுகிப்போனதால இருமுறப்போ ஏறுற பிரஷர் சட்டுன்னு சமமாக முடியல, அதான் அந்த சுரீர். பிராக்ல வேலை பார்த்த ஆஸ்திரிய நோயியல் நிபுணர் ஹான்ஸ் கியாரி 1891ல இத வகை பிரிச்சு எழுதினார், அவர் பேருதான் நின்னுடுச்சு. வகை 2 முதுகுத்தண்டு மூடாம பிறக்குற குழந்தைகளுக்கு வர்றது, அது தனி கதை, இங்க பேசுறது பெரியவங்களுக்கும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைங்களுக்கும் தெரியவர்ற வகை 1 பத்தி.

ரிப்போர்ட்ல இருக்குற மில்லிமீட்டர மட்டும் பாத்து பயப்படறது ஒரு பெரிய தப்பு. வழக்கமா 5 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இறங்கியிருந்தா கியாரின்னு எழுதுவாங்க. ஆனா வேற எதுக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்குறவங்கள்ல கிட்டத்தட்ட நூத்துல ஒருத்தருக்கு இப்படி இறங்கித்தான் இருக்கும், அதுல நிறைய பேருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. தொந்தரவு குடுக்குற கியாரிதான் அபூர்வம். அதே நேரம் 4 மில்லிமீட்டர்தானேன்னு அசால்ட்டா விடறதும் தப்பு, இறக்கம் கம்மியா இருந்தும் நீரோட்டம் அடைபட்டு தண்டுவடத்துக்குள்ள நீர்ப்பை வந்தவங்க இருக்காங்க. நம்பரவிட, வலி வர்ற விதமும் படமும் ஒத்துப்போகுதாங்கறதுதான் முக்கியம்.

இந்த இடத்துல அமெரிக்காவுல நடந்தத சொல்லியே ஆகணும். 1999, 2000 வாக்குல உடம்பு முழுக்க வலி, தீராத அசதின்னு இருக்குற ஃபைப்ரோமயால்ஜியா பேஷன்ட்ஸ்ல பல பேருக்கு உண்மையில கியாரிதான் காரணம், ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு பேப்பர்லயும் டிவியிலயும் வந்துச்சு. வருஷக்கணக்கா வலியோட இருக்குறவங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க, கேட்டவங்கள நான் குறை சொல்லவே மாட்டேன், ஆனா தேவையில்லாம பின்மண்டைய திறந்துக்கிட்டவங்க உண்டு. அப்புறம் 2011ல வெளியான ஆய்வுல ஃபைப்ரோமயால்ஜியா இருக்குறவங்களையும் வலியே இல்லாதவங்களையும் எம்.ஆர்.ஐ.ல ஒப்பிட்டுப் பாத்தாங்க, கியாரி அவங்ககிட்ட கூடுதலா இல்ல. அதனால இடுப்பு வலி, முட்டி வலி, உடம்பு அசதி எல்லாத்தையும் கொண்டுபோய் இதுமேல போடாதீங்க. கியாரி வலி பின்மண்டை, பிடரி, தோள்னு ஒரு இடத்த சுத்தியே இருக்கும், நீர்ப்பை வந்துட்டா கை, நெஞ்சு, முதுகுன்னு எரிச்சலா பரவும்.

அந்த நீர்ப்பைக்கு சிரிங்ஸ்னு பேரு, இத கவனிக்காம விடறதுதான் எல்லாத்தையும்விட மோசமான தப்புன்னு எனக்குத் தோணுது. தண்டுவடத்துக்கு நடுவுல நீர் சேர்ந்து உப்பும்போது வலியையும் சூட்டையும் எடுத்துட்டுப் போற நரம்பு இழைங்க நடுவுல கிராஸ் பண்ற இடம் முதல்ல அடிபடும், தொடு உணர்ச்சி போற பாதை வேற, அது பிழைச்சுக்கும். எங்க சொந்தத்துல ஒரு அக்காவுக்கு தோள்லயும் கையிலயும் எந்நேரமும் எரிச்சல், தூக்கமே கிடையாது, ஆனா தோசை திருப்புறப்போ கல்லுல விரல் பட்டது தெரியாது, அப்புறம் வெங்காயம் நறுக்க உக்காந்தப்போ கொப்புளத்த பாத்துட்டு இது எப்போ வந்துச்சுன்னு கேட்டாங்க. ஒரே கையில தீராத வலியும் இருக்கு, வலி தெரியாமயும் போகுது, கேக்குறவங்களுக்கு நடிப்பு மாதிரி தெரியும், வீட்லயே அப்படித்தான் பேசினாங்க. குளிக்கிறப்போ ஒரு கைக்கு வெந்நீர் சூடா தெரியுது, இன்னொரு கைக்கு தெரியலைன்னாலோ, கை மெலிஞ்சு பட்டன் போட தடுமாறினாலோ, பிள்ளைங்களுக்கு முதுகு ஒரு பக்கமா வளைஞ்சாலோ தள்ளிப்போடாம நியூரோ டாக்டர பாருங்க.

இதனாலதான் மூளைக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு நிறுத்தக்கூடாதுன்னு சொல்றது. கழுத்துக்கும், தேவைப்பட்டா முழு முதுகுத்தண்டுக்கும் எடுத்தாதான் சிரிங்ஸ் இருக்கா இல்லையான்னு தெரியும். நீர் ஓடுறதையே படமா எடுக்குற சினி எம்.ஆர்.ஐ.யும் உண்டு. நம்ம நாட்டுல மண்டையும் கழுத்தும் சேர்ற இடத்து எலும்புக் கோளாறும் கூடவே பாக்குறாங்க, அதனால கழுத்த குனிஞ்சும் நிமிர்ந்தும் எடுக்குற எக்ஸ்ரே, சி.டி. எல்லாம் டாக்டர் கேட்டா காசு புடுங்கறாங்கன்னு நினைக்காதீங்க. மும்பை நியூரோசர்ஜன் அதுல் கோயல், முதல் ரெண்டு கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்குற ஆட்டம்தான் கியாரிக்கே காரணம்னு 2015ல எழுதினார். மத்த சர்ஜன்கள்ல பல பேர் அத எல்லாருக்கும் ஒத்துக்கல, ஆனா அந்த ஆட்டம் இருக்கான்னு ஆபரேஷனுக்கு முன்னாடி பாத்துடறது நல்லதுன்னுதான் நானும் சொல்வேன்.

எந்திரிச்சு நின்னா வலி, படுத்தா குறையுதுன்னா அத கண்டிப்பா சொல்லுங்க. எங்கேயோ சிஎஸ்எஃப் கசிஞ்சு பிரஷர் குறைஞ்சாலும் மூளை கீழ தொங்கி படத்துல கியாரி மாதிரியே தெரியும், அங்க கசிவ அடைக்கணும், கியாரி ஆபரேஷன் பண்ணா நிலைமை மோசமாகலாம். இதுக்கு நேர்மாறா மூளைக்குள்ள பிரஷர் ஏறினாலும் டான்சில் இறங்கித் தெரியலாம், பார்வை மங்குறது, காதுல நாடித்துடிப்பு கேக்குறதுன்னு இருந்தா கண் டாக்டர்கிட்ட கண் நரம்பு வீங்கியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

கழுத்து பிடிச்சிருக்குன்னு சலூன்ல சொடக்கு எடுக்குறது, சுளுக்கு எடுக்குறவர்கிட்ட கழுத்த குடுத்து திருப்பச் சொல்றது, இதெல்லாம் கியாரி இருக்குன்னு தெரிஞ்சா சுத்தமா வேணாம், சந்தேகம் இருந்தாலும் வேணாம். சிரசாசனம், சர்வாங்காசனம், கபாலபாதி, மூச்ச அடக்கி வெயிட் தூக்குறது எல்லாத்தையும் டாக்டர கேக்காம பண்ணாதீங்க. மலச்சிக்கல் வராம பாத்துக்கறதும் இங்க வலிக்கு வைத்தியம்தான், முக்கினாலே வலி ஏறுறவங்களுக்கு அது பெரிய நிம்மதி.

மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி தினமும் போடறதும் நிறைய நடக்குது. சாதாரண வலி மாத்திரையே மாசத்துல 15 நாள், பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையோ ஒற்றைத் தலைவலிக்கு குடுக்குற டிரிப்டான் வகையோன்னா 10 நாள், இப்படி மூணு மாசத்துக்கு மேல போச்சுன்னா அந்த மாத்திரையே தலைவலிய உண்டாக்கும், அப்புறம் எது கியாரி வலி எது மாத்திரை வலின்னு பிரிக்கவே முடியாது. நரம்பு எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரி மருந்து எழுதுவாங்க, அமிட்ரிப்டிலின பாத்துட்டு "மன நோய்க்கு குடுக்குற மாத்திரை"ன்னு பாதியில நிறுத்தறாங்க, வலிக்கு குறைஞ்ச டோஸ்ல குடுக்குறது வழக்கம்தான்.

ஆபரேஷன்ல பின்மண்டை எலும்புல கொஞ்சமும் முதல் கழுத்தெலும்போட பின்பக்கமும் எடுத்து இடம் விடுவாங்க, சில பேருக்கு மூளை உறையையும் திறந்து ஒட்டு வெச்சு பெருசாக்குவாங்க. இருமல் தலைவலிக்கு இது நல்லாவே கேக்குது. சிரிங்ஸால அடிபட்ட நரம்போட எரிச்சல் அப்படியில்ல, படத்துல நீர்ப்பை சுருங்கின பிறகும் வலி நீடிக்கலாம், இத முன்னாடியே தெரிஞ்சுக்காம போறவங்க ஆபரேஷன் ஃபெயிலியர்னு உடைஞ்சு போயிடறாங்க. ஆபரேஷன்ல முக்கியமான நோக்கமே சேதம் மேல மேல போகாம தடுக்கறதுதான். எந்த வலி போகும், எது நிக்கும்னு சர்ஜன்கிட்ட தனித்தனியா கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, நீர் கசிவு, இன்ஃபெக்ஷன் ரிஸ்க்கும் கேளுங்க.

பிரசவமோ வேற ஆபரேஷனோ வந்தா மயக்க டாக்டர்கிட்ட எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ட முதல்லயே காட்டுங்க, முதுகுல ஊசி போடலாமா வேணாமான்னு அவர் அத பாத்துதான் முடிவெடுக்கணும். விழுங்கறப்போ புரையேறிட்டே இருந்தாலோ, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு பக்கத்துல படுக்குறவங்க சொன்னாலோ, நடை திடீர்னு தள்ளாடினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.