மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு நாமும் நம் பிள்ளைகளும் என்ன செய்யலாம்?

தெரிந்தவர்கள் வீட்டுக் குழந்தை அட்மிட் ஆகியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். கட்டிலைச் சுற்றி நின்று "ஐயோ, எப்படி இளைச்சுப் போயிட்டா" என்று சொல்லி, நடந்ததையெல்லாம் பெற்றோரிடம் முதலிலிருந்து கேட்டுவிட்டு வந்தால் நமக்கு ஒரு கடமை முடிந்த மாதிரி. அந்த அம்மா அதே கதையை அன்றைக்கு எத்தனையாவது தடவை சொன்னாரோ. நேரில் போய்ப் பார்ப்பதைவிட உபயோகமான வேலைகள் நிறைய இருக்கின்றன, அதில் பாதியைப் பிள்ளைகளே செய்யலாம்.

போயே ஆகவேண்டும் என்றால் முதலில் கேளுங்கள். பார்வையாளர்களை விடுகிறார்களா, சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் அனுமதிக்கிறார்களா, முக்கியமாக அந்தக் குழந்தைக்கு யாரையாவது பார்க்கும் மனநிலை இருக்கிறதா. உங்கள் பிள்ளைக்கு லேசான சளி என்றாலும் போகாதீர்கள். புற்றுநோய்க்குக் கீமோ என்ற மருந்துச் சிகிச்சை எடுக்கும் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்திருக்கும், நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகல் என்பது அங்கே ஐசியூ வரைக்கும் போகலாம். சின்னம்மை இன்னும் மோசம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும், தொற்றியவருக்கு வெளியே தெரிய 21 நாள் வரைகூட ஆகலாம். அதனால் உங்கள் பிள்ளையின் வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இப்போதைக்கு வீடியோ கால் போதும்.

அடுத்து, என்ன கொண்டுபோவது? பூங்கொத்தை விட்டுவிடுங்கள், ஐசியூவிலும் புற்றுநோய் வார்டிலும் பெரும்பாலும் உள்ளேயே விடமாட்டார்கள். லேடெக்ஸ் பலூனும் வேண்டாம், சிலருக்கு அது கடுமையான அலர்ஜி. பொம்மை என்றால் புதிதாக, துடைக்கவோ துவைக்கவோ முடிகிற மாதிரி இருக்கட்டும். தின்பண்டம் மட்டும் கேட்காமல் கொண்டுபோகவே கூடாது. அந்தக் குழந்தைக்கு வாசனையே குமட்டலாம், அப்படி இல்லாவிட்டாலும் பக்கத்துக் கட்டில் குழந்தை ஆபரேஷனுக்காகக் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருக்கும்.

இன்னொன்று, ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி குத்தி, அசையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கை. அதை மனதில் வைத்துத்தான் விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டும். காந்தம் ஒட்டிய பலகை விளையாட்டு கட்டிலில் சாய்ந்தாலும் கலையாது. ஸ்டிக்கர் புத்தகம், கடினமாக இல்லாத புதிர்கள், ஹெட்போன் எல்லாம் சரிப்படும். நூறு துண்டுகளைச் சேர்க்கும் ஜிக்சாவை வாங்கிக் கொடுத்தால் பாதி போர்வைக்குள் போய்விடும், மீதியைத் தேடும் வேலை அம்மாவுக்கு.

பிள்ளைகள் செய்யக்கூடியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடிதம். "சீக்கிரம் குணமாகி வா" என்று எல்லோரும் எழுதுவார்கள், மாதக்கணக்கில் படுத்திருக்கும் குழந்தைக்கு அது வெறும் சடங்கு. வகுப்பில் யார் நாற்காலியிலிருந்து விழுந்தான், எந்த டீச்சர் யாரைத் திட்டினார், பல்லி எப்படி கரும்பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்தது, இப்படி வம்புகளை எழுதச் சொல்லுங்கள். ஒரு ஜோக், ஒரு விடுகதை, விடை அடுத்த வாரம். கேள்வியாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், எழுதத் தெம்பு இருக்காது. ஜிகினா தூளும் வேண்டாம், படுக்கையெல்லாம் உதிரும். அப்புறம், முதல் வாரம் நாற்பது கடிதம் போய் அதோடு நின்றுபோவதைவிட வாரம் ஒன்றாகக் கடைசிவரை போவது நல்லது, அதற்கு முறை வைத்து எழுதச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

ஒரு காலத்தில் பெற்றோரையே குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான் உள்ளே விட்டார்கள். பிரிட்டனில் மருத்துவமனைக் குழந்தைகளின் நலன் பற்றி 1959இல் வந்த பிளாட் அறிக்கைதான், பெற்றோர் தடையில்லாமல் வந்து போக விடவேண்டும் என்று சொன்னது. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருப்பதே குழந்தைக்குப் பெரிய பலம். அவர்களை அங்கேயே இருக்கவிடுவதுதான் மற்றக் குடும்பங்களின் வேலை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "துவைக்கிற துணியை நாளைக்கு ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன், பதில் போட வேண்டாம்" என்று அனுப்புங்கள். நீளமான வயர் உள்ள சார்ஜர் கொடுங்கள், பிளக் எப்போதும் கட்டிலுக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கும். வீட்டில் இருக்கும் அண்ணனையோ தங்கையையோ பள்ளியிலிருந்து கூட்டிவந்து, வீட்டுப்பாடம் முடிக்கவைத்து, கொஞ்சம் விளையாடவும் விடுங்கள். எல்லோரும் நோயாளிக் குழந்தையைப் பற்றியே கேட்பதில் அந்தப் பிள்ளையை யாரும் கவனிப்பதே இல்லை.

பெரியவர்கள் ரத்தம் கொடுக்கலாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களைப் பிரித்தெடுத்தால் பொதுவாக ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள்தான் வைத்திருக்க முடியும், அதனால் தேவை தீர்வதே இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்ய வாய்ப்புள்ள குழந்தைக்கு நெருங்கிய சொந்தக்காரர்களின் ரத்தம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதுண்டு, அங்கேதான் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் தேவைப்படுவார்கள்.

நம் பிள்ளைகளிடம் பேசுவதும் இதில் சேர்த்திதான். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, குறும்பு செய்ததால் யாருக்கும் நோய் வரவில்லை, இந்த இரண்டையும் தெளிவாகச் சொல்லுங்கள். "சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். முடி கொட்டியிருக்கும், மருந்தால் முகம் உப்பியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அந்தக் குழந்தை டிஸ்சார்ஜ் ஆகி வகுப்புக்கு வரும்போது வெறித்துப் பார்க்கமாட்டார்கள். தொப்பியைப் பிடுங்கக் கூடாது, போட்டோ எடுத்து குரூப்பில் போடக் கூடாது. விளையாட்டில் தோற்றால் தோற்றதுதான், பாவம் பார்த்து ஜெயிக்கவிட வேண்டியதில்லை.