புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி கனெக்‌ஷனை செக் பண்ணுங்க

சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரே சத்தம், கார் ஸ்டார்ட் ஆகல, உடனே பேட்டரி போச்சுன்னு கடைக்கு ஓடாதீங்க. நான் அப்படித்தான் ஓடி புது பேட்டரி போட்டேன், பத்தே நாள்ல திரும்ப அதே டக். கடைசில பாத்தா மைனஸ்ல இருந்து கியர்பாக்ஸுக்கு போற எர்த் ஒயரோட போல்ட்டு துருப்பிடிச்சு கெடந்துச்சு, நல்ல பேட்டரியைத் தூக்கிக் குடுத்துட்டோமேன்னு இப்பவும் வயிறு எரியுது.

ஹெட்லைட் பளிச்சுனு எரியுதே, கனெக்‌ஷன்ல என்ன கொறைன்னு தோணும். லைட்டுக்கு 10 ஆம்பியர் போதும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 100க்கு மேல வேணும், பேட்டரி குமிழைப் பிடிச்சிருக்கற கிளாம்ப் லூஸா இருந்தா அது வழியா முதலாவது போயிரும், ரெண்டாவது போகாது.

மொதல்ல வண்டி ஆஃப்ல இருக்கும்போது கிளாம்பு ரெண்டையும் கையால திருகிப் பாருங்க, துளி அசையக்கூடாது. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிரும். ஆனா வெளிய சுத்தமா இருந்தாலும் உள்பக்கம் கறுத்திருக்கலாம், அதுக்குத்தான் வோல்ட் அளக்கற மல்டிமீட்டர்.

டிசி 20 வோல்ட்ல வைங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில பேட்டரி 12.6 கிட்ட காட்டணும், 12.2க்கு கீழன்னா சார்ஜ் போட்டுட்டு வாங்க. அப்புறம் மீட்டர் ஒயரோட ஒரு முள்ளை ப்ளஸ் பக்கத்து ஈயக் குமிழ் மேலயும் இன்னொண்ணை அதைச் சுத்தியிருக்கற கிளாம்ப் மேலயும் வச்சுக்கிட்டு (ரெண்டும் ஒட்டித்தான் இருக்கும், ஆனா இதான் முக்கியம்) வீட்ல யாரையாவது நியூட்ரல்ல செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. கிட்டத்தட்ட 0 காட்டணும், 0.2 தாண்டினா அந்த ஜாயின்ட்டுதான் திருடன். மைனஸ்லயும் இதே மாதிரி. கடைசியா செல்ஃப் அடிக்கும்போதே மைனஸ் குமிழுக்கும் இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புக்கும் நடுவுல பாருங்க, என் வண்டில இங்கதான் 1.4 காட்டுச்சு!

கழட்டும்போது மைனஸ் முதல்ல, இல்லாட்டி ப்ளஸ்ல இருக்கற ஸ்பேனர் பாடில பட்டா பொறி பறக்கும். ஆப்ப சோடா கலந்த சுடுதண்ணி ஊத்தி பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, காய வச்சு, உப்புத்தாள் போட்டு ஈயம் மின்னற வரைக்கும் தேய்ங்க. மாட்டும்போது ப்ளஸ் முதல்ல, டைட் பண்ணினதுக்கு அப்புறம் மேல வாசலின் தடவுங்க.

இவ்வளவு பண்ணியும் ரீடிங் எறங்கலன்னா ஒயரோட ரப்பரைக் கொஞ்சம் கீறிப் பாருங்க, உள்ள செம்பு பச்சையா பொடிஞ்சிருந்தா அந்த ஒயரையே மாத்திடுங்க.