சீபிஸ்கட் ஓட்டத்தை மனசுல ஏத்திக்கிட்டு பாக்குறது எப்படி

நிறைய பேரு சீபிஸ்கட்ங்கற அமெரிக்க ரேஸ் குதிரையோட அந்த 1938 ரேஸ் வீடியோவ நேரா போட்டு பாத்துட்டு, ஒரு குதிரை ஜெயிச்சிருச்சுன்னு நகர்ந்துடுறாங்க. ஓட்டமே ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும், அதனால மனசுல ஒட்டாது. தயவுசெஞ்சு அப்படி பாக்காதீங்க, முதல்ல அது தோத்த கதைய தெரிஞ்சுக்கோங்க.

சீபிஸ்கட் முதல் 17 ரேஸ்ல ஒண்ணுகூட ஜெயிக்கல. 1935ல ரெண்டு வயசுலயே 35 தடவை ஓட விட்டிருக்காங்க, பாவம். தாத்தா மேன் ஓ வார் அமெரிக்காவே கொண்டாடுன குதிரை, பேரன் குட்டையா, முட்டி கோணலா, நல்லா தின்னுட்டு தூங்குறது. 2500 டாலருக்கு யாரு வேணா எடுத்துக்கலாம்னு விட்டும் ஆள் வரல. 1936ல சார்ல்ஸ் ஹோவர்ட்னு ஒரு கார் வியாபாரி 8000 டாலர் குடுத்து வாங்குனாரு.

அடுத்து கூட இருந்த ஆளுங்கள தெரிஞ்சுக்கோங்க, எனக்கு கதையே இங்கதான். ட்ரெய்னர் டாம் ஸ்மித் அதிகம் பேச மாட்டாரு, ஆனா குதிரை பதட்டமா இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டு அதுக்கு துணைக்கு பம்ப்கின்னு இன்னொரு குதிரைய கூட விட்டாரு. ஜாக்கி ரெட் பொல்லார்டுக்கு ஒரு கண்ணு தெரியாது, சொன்னா பொழப்பு போயிரும்னு மறைச்சே ஓட்டுனாரு.

இப்ப வீடியோவ போடுங்க. நவம்பர் 1, பிம்லிகோ ட்ராக், எதிர்ல 1937ல ட்ரிபிள் க்ரவுன் அடிச்ச, அதாவது ஒரே வருஷத்துல அமெரிக்காவோட மூணு பெரிய ரேஸயும் ஜெயிச்ச வார் அட்மிரல், மேன் ஓ வாரோட சொந்த மகன், அதாவது நம்மாளுக்கு சித்தப்பா முறை. பொல்லார்ட் கால் உடைஞ்சு படுத்திருந்ததால ஜார்ஜ் வுல்ஃப் ஓட்டுறாரு.

முதல்ல ஸ்டார்ட்ட கவனிங்க. கிளம்புற வேகத்துல வார் அட்மிரல மிஞ்ச ஆளில்லன்னு எல்லாரும் நெனச்சாங்க, ஆனா ஸ்மித் பெல் சத்தம் கேட்ட உடனே பாயுறதுக்கு இத பழக்கி வச்சிருந்தாரு, முன்னாடி போறது யாருன்னு பாருங்க. அப்புறம் எதிர்ப்பக்க நேர் பாதைல வார் அட்மிரல் பக்கத்துல வந்து ஒட்டும், அங்க பயப்படாதீங்க, வுல்ஃப் வேணும்னேதான் வர விடுறாரு. எதிராளி கண்ண பாத்துட்டா இது விடாதுன்னு ஆஸ்பத்திரிலேர்ந்து பொல்லார்ட் சொல்லிக் குடுத்தது அது, எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல கண்ணு கலங்கிரும். கடைசில நாலு குதிரை நீளம் முன்னாடி.

இதோட நிறுத்திடாதீங்க. சாண்டா அனிடா ஹேண்டிகேப்ங்கற பெரிய ரேஸ்ல 1937லயும் 1938லயும் மூக்கு நுனி வித்தியாசத்துல தோத்திருக்கு, 1939ல கால்ல காயம், அதும் பொல்லார்டும் ஒரே பண்ணைல நொண்டி நொண்டி நடந்து தேறுனாங்க. 1940 மார்ச் 2, அதே ரேஸ், குதிரைக்கு ஏழு வயசு, மேல பொல்லார்ட். அது ஜெயிக்கிறத ஒரு தடவை பாத்துட்டு, மறுபடி போட்டு மேல உக்காந்திருக்குற அந்த மனுஷன மட்டும் பாருங்க.