சட்டை அளவைச் சரிசெய்த விதம்

"மார்பு இறுக்குகிறது" என்று சட்டைகள் கடைக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தன. சப்ளையர் தந்த சைஸ் சார்ட்டில் இருப்பது போடுபவரின் உடல் அளவா, தைத்த சட்டையின் அளவா என்றே தெரியவில்லை. அதை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொரு சைஸிலும் ஒரு சட்டையை எடுத்து நானே அளந்தேன். பட்டன் போட்டு, மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, இழுக்காமல், அக்குள் தையலுக்கு ஒரு அங்குலம் கீழே ஓரத்துக்கு ஓரம் டேப் பிடிக்க வேண்டும். 21 அங்குலம் வந்தால் சுற்றளவு 42. ஆனால் அது 42 மார்புக்கான சட்டை இல்லை. கையைத் தூக்க, உட்கார, 4 அங்குலமாவது தளர்வு வேண்டும். அதனால் 38 மார்புக்கு என்று போட்டேன். சார்ட்டில் இப்போது இரண்டு அளவும் தனித்தனி வரிசையில். திரும்பி வருவது நன்றாகவே குறைந்துவிட்டது. அப்புறம், பருத்தி என்றால் துவைத்துக் காயவைத்து இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். பெரும்பாலும் நீளம்தான் அதிகம் சுருங்கும்.