மட்டக்குதிரையின் பிடரி அரிப்பு: என் அனுபவம்

கொடைக்கானலில் மழைக்காலம் வந்தால் என் மட்டக்குதிரை லாயத்துக் கம்பத்தைவிட்டு நகராது. பிடரியும் வாலடியும் தேய்த்துத் தேய்த்து மயிர் கொட்டி, தோல் தடித்து, நீர் கசியும். சொறி, பேன் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்து, தோலில் சொறிப்பூச்சியோ பேனோ இல்லை என்றார். கியூலிகாய்டிஸ் என்ற பறக்கும் பொடிப்பூச்சி கடிக்கும்போது இறங்கும் உமிழ்நீர் சில குதிரைகளுக்கு ஒவ்வாது, அதுதான் காரணம்.

ஒவ்வாமையை அடியோடு போக்க மருந்து இல்லை. கடியைத் தடுப்பதுதான் வழி. விடியலிலும் அந்தியிலும் அப்பூச்சிகள் மொய்க்கும் என்பதால், அந்த நேரங்களில் குதிரையை ஏரிக்கரையில் மேயவிடாமல் லாயத்திலேயே கட்டினேன். உள்ளே ஒரு பெரிய மின்விசிறியை, வாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பூச்சிக்கு, காற்றில் நின்று பறக்கத் திராணியில்லை. செலவுக்கு இதைவிடப் பலன் தந்தது வேறொன்றும் இல்லை.

மேயும்போது போர்த்த, தையல்காரரிடம் கழுத்து முதல் வால்வரை மூடும் அங்கி தைத்தேன். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் இந்தப் பூச்சி நுழைந்துவிடும். நெருக்கமான வலைத்துணியே வேண்டும். வயிற்றடியையும் மூட வேண்டும், அங்கேயும் கடிக்கும்.

பூச்சியை விரட்டும் பென்சைல் பென்சோயேட் களிம்பைப் புண் இல்லாத தோலில் மட்டும் தடவுகிறேன். புண்ணில் பட்டால் எரியும், குதிரை உதைக்கும். ஸ்டீராய்டு ஊசி அரிப்பை அடக்கும், ஆனால் குளம்பழற்சி வரலாம் என்பதால் மருத்துவர் முடிவுக்கே விட்டுவிட்டேன். இப்போது பிடரி மயிர் விரற்கடை அளவு முளைத்திருக்கிறது. அடுத்த மழைக்கு முன்பே அங்கியைக் குதிரைக்குப் போட்டுவிடுவேன்.