குளிர்காலத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

வீடுகளுக்கு இன்சுலேஷன், அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு, போடுவது என் தொழில். குளிர் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் ஒரே புலம்பல் பல குரல்களில் வரும்: "பஞ்சு போட்டாச்சு, கனமான திரை வாங்கியாச்சு, ஆனாலும் பில் குறையலையே!" போய்ப் பார்த்தால், தொழிலுக்கு வருமுன் நான் என் வீட்டில் அடித்த அதே கூத்து. ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

தெர்மோஸ்டாட்டை 28-க்குத் திருகுவது

தெர்மோஸ்டாட் என்பது எத்தனை டிகிரி வந்ததும் ஹீட்டர் நிற்க வேண்டும் என்று சொல்லும் கருவி. அதைக் கூட்டினால் வீடு சீக்கிரம் சூடாகாது. பெரும்பாலான ஹீட்டர்கள் 20-க்கு வைத்தாலும் 28-க்கு வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் எரியும். 20-ல் நிற்க வேண்டியது நிற்காமல் போகும், அவ்வளவே.

ஓட்டையை விட்டுவிட்டுப் பஞ்சை விரிப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கிய வருடம், ஒரு சனி ஞாயிறு முழுக்க, கூரைக்கும் அறைகளின் உட்கூரைக்கும் நடுவே உள்ள பரணில் குனிந்தபடியே கிடந்து, பழைய பஞ்சின் மேல் புதிதாகக் கண்ணாடி இழைப் பஞ்சை விரித்தேன். கழுத்தெல்லாம் அரிப்பு. பெருமை வேறு. அடுத்து வந்த பில்லில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடுங்குளிரில் பத்து நாள் கிடந்தபின் ஒருநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. அன்று மத்தியானம் படுக்கையறை உட்கூரையில் ஈரத்திட்டு! மழை இல்லை, கூரைமேல் பனியும் இல்லை. கூரை வேலைக்காரர் வந்து எதையோ மாற்றிவிட்டுக் காசு வாங்கிப் போனார். அடுத்த வெயில் நாளில் மறுபடியும் சொட்டியது.

கடைசியில் ஒரு விடியற்காலை டார்ச்சோடு நானே மேலே ஏறினேன். கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்திருந்தன. ஓர் ஆணி பாக்கியில்லை. நாங்கள் சமைத்ததும் குளித்ததும் மூச்சுவிட்டதுமாகச் சேர்ந்த ஈரம், சூடான காற்றோடு பரணுக்குக் கசிந்து, இருப்பதிலேயே குளிர்ந்த பொருளான ஆணியில் போய் உறைந்திருக்கிறது. வெயில் பட்டதும் உருகிச் சொட்டியிருக்கிறது. கூரையில் ஒரு கோளாறும் இல்லை.

நடப்பது இதுதான். குளிர்காலத்தில் வீடே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். சூடான காற்று மேலே ஏறி, கிடைத்த இடுக்கு வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழே கதவடியிலிருந்தும் தரையோரத்திலிருந்தும் குளிர்காற்று உள்ளே வரும். இதைப் பஞ்சு தடுக்கும் என்று நம்புகிறோம். சூடான காற்றை வீடெங்கும் அனுப்பும் கருவிகளில் போடுகிற வடிகட்டிகள் சிலவற்றைக் கண்ணாடி இழையில்தான் செய்கிறார்கள். எதற்காக? காற்று அதன் வழியாகப் போக வேண்டும் என்பதற்காக! அதே பொருளைப் பரணில் விரித்துவிட்டுக் காற்று நின்றுவிடும் என்று நினைத்தால் எப்படி? அது மட்டுமல்ல, பஞ்சைக் கூட்டியதால் பரண் முன்னைவிடக் குளிர்ந்துபோனது. ஓட்டையோ அப்படியே இருந்தது. என் வீட்டு ஆணிகள் அந்த வருடம் பூத்ததற்குக் காரணமே நான்தான்.

பழைய பஞ்சைப் புரட்டிப் பாருங்கள். அங்கங்கே கறுத்த திட்டுகள் இருக்கும். எலி வேலை என்று நானும் நினைத்தேன். அது தூசி. வருடக்கணக்கில் காற்று பஞ்சு வழியாகப் போனதில் வடிகட்டி நின்றது. அநேகமாக அந்தத் திட்டுக்கு நேர்கீழே ஓர் ஓட்டை இருக்கும்: ஒயர் இறங்கும் துளை, கழிவுநீர்க் குழாய் மேலே போகும் இடம், உட்கூரையில் பதித்த விளக்கு, குளியலறை மின்விசிறியின் ஓரம், சுவரும் உட்கூரையும் சேரும் விளிம்பு. பரணுக்கு ஏறும் மூடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டைகூட இல்லாத வீடுகளே அதிகம்.

சிறு துளைக்கு சீலண்ட் என்ற அடைப்புப் பசை, விரலளவு இடுக்குக்குப் பீய்ச்சினால் இறுகும் நுரை. புகைக்குழாயைச் சுற்றி மட்டும் நுரை அடிக்கவே கூடாது. தகரத் தகடும் வெப்பம் தாங்கும் சீலண்டும்தான் அங்கே. உட்கூரையில் பதித்த பழைய வகை விளக்குகளைப் பஞ்சால் மூடினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. முதலில் விளக்கை மாற்றுங்கள். கூரை ஓரத்தில் பரணுக்குக் காற்று வரும் துவாரங்கள் ஓட்டை அல்ல, அவற்றை விட்டுவிடுங்கள்.

நான் விரித்த பஞ்சையெல்லாம் திரும்ப அள்ளி ஒதுக்கி, இதையெல்லாம் அடைத்து, மறுபடி விரிக்க மூன்று நாள் ஆனது. முதலிலேயே செய்திருந்தால் ஒரு நாள் வேலை. இத்தனையும் சொன்ன பிறகும், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இன்னும் எத்தனை அங்குலம் பஞ்சு போடணும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

"இரவில் குறைத்தால் காலையில் அதிகம் எரியும்"

எரியாது. வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 0, உள்ளே 20 என்று வையுங்கள். வீடு 16-க்கு இறங்கியபின் அந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காலையில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு, இரவில் மிஞ்சியதைவிட அதிகமாகாது. ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே அள்ளி வரும் கருவி) வைத்திருப்பவர்கள் மட்டும் ரொம்ப இறக்க வேண்டாம். காலையில் ஒரேயடியாக ஏற்றும்போது உள்ளே இருக்கும், கரண்டைக் குடிக்கும் துணைக் கம்பிச்சுருள் ஓட ஆரம்பித்தால் மிச்சம் பிடித்தது போச்சு.

கரண்ட் கம்மியாக இழுக்கும் அதிசய ஹீட்டர்

கிடையாது. எண்ணெய் நிரப்பியதோ, பீங்கானோ, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான். 1500 வாட் ஹீட்டர் முழுவேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். ஹீட் பம்ப் வேறு சாதி. அது வெப்பத்தை உண்டாக்காமல் வெளியிலிருந்து அள்ளி வருகிறது, அதனால் 1-க்கு 3 மடங்குகூடத் தரும்.

பாய்லரை வந்தபடியே விட்டுவைப்பது

வீட்டைச் சூடாக்கத் தண்ணீரைக் காய்ச்சும் கண்டென்சிங் பாய்லர் வாங்கி, அறைகளிலுள்ள ரேடியேட்டர் தகடுகளுக்குப் போகும் தண்ணீரை 75, 80 டிகிரியில் ஓட்டுபவர்கள் ஏராளம். எரிவாயுவில் ஓடும் இந்த பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி நீராகி, தன் வெப்பத்தை விட்டுக்கொடுக்கும். கூடுதல் காசு கொடுத்ததே அதற்காகத்தான். போகும் தண்ணீரை 60-க்கு இறக்கிப் பாருங்கள், திரும்பும்போது அது இன்னும் ஆறியிருக்கும். ரேடியேட்டர் கையைச் சுடாது, அறை மெதுவாகச் சூடாகும். ஆனால் குளியலுக்கான சேமிப்புத் தொட்டியில் கை வைக்காதீர்கள். அது 60-க்குக் குறைந்தால் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுப்பீர்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் சோபா

நகர்த்துங்கள்.

அடைத்த பிறகு சோதிக்காமல் விடுவது

இடுக்குகள் எல்லாம் அடைபட்ட வீட்டில், புகைக்குழாயோடு எரியும் கருவிக்குக் காற்று போதாமல் போகலாம். சமையலறை, குளியலறை மின்விசிறிகள் உள்ளிருக்கும் காற்றை இழுக்கும்போது புகை மேலே போகாமல் அறைக்கே திரும்பும். அதில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். அப்புறம் இதையும் செய்யுங்கள்: கதவு ஜன்னல்களைச் சாத்தி, எல்லா மின்விசிறிகளையும் போட்டு, கருவியை எரியவிட்டு ஐந்து நிமிடம் கழித்து, புகைக்குழாய் தொடங்கும் திறந்த வாயருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். உங்கள் முகத்துக்கு வந்தால் கருவியை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆளைக் கூப்பிடுங்கள்.