முரண் வினாக்கள் பிடிபட்ட விதம்
செங்கோட்டையில் இருந்தபடி, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குப் படிக்கிறேன். முரண்போலத் தோன்றும் இரண்டு உண்மைகளைத் தந்து, அவை எப்படிப் பொருந்தும் என விளக்கச் சொல்லும் தர்க்க வினாக்களில் மட்டும், மற்றவற்றைத் தள்ளியபின் மிஞ்சும் கடைசி இரண்டு விடைகளிடையே மாட்டிக்கொள்வேன். பத்தியை மறுபடி மறுபடி படித்தும் பயனில்லை. கடிகாரம் வைத்துப் பழகியும் அதே கதைதான்.

சிக்கல், 'பத்தியில் இல்லாததைத் தள்ளு' என்ற பொதுவிதியில் இருந்தது. மற்ற வினாக்களுக்கு அது சரி. இங்கே முடிச்சை அவிழ்ப்பதே பெரும்பாலும் பத்தியில் இல்லாத புதுத் தகவல்தான்!

இப்போது இரண்டு உண்மைகளையும் 'ஆனாலும்' போட்டு எழுதிக்கொள்கிறேன். ஜூன், ஜூலையில் திருநெல்வேலியில் மழை குறைவு. ஆனாலும் செங்கோட்டையில் சாரல். 'மலை மறைக்கிறது' என்பது முதல் பாதிக்கு மட்டுமே பதில். 'செங்கோட்டைக்கு அருகிலுள்ள ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைகிறது, தூரம் போகப்போக ஈரம் குறைகிறது' என்பது இரண்டையும் விளக்குகிறது. அப்புறம், ஓர் உண்மையை மறுக்கும் விடையை உடனே அடித்துவிடுகிறேன். அப்பாடா, கடைசி இரண்டில் தயக்கம் போய்விட்டது.